தொண்டைமானாற்றூரில் துஞ்சிய மன்னன்

சோழப் பேரரசுக்கு அடித்தளமிட்ட முதலாம் ஆதித்தனின் வாழ்க்கை, சென்னையிலிருந்து காளத்தி போகும் ரயில் பாதையோரம் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

எலும்பு முறிந்தவர்களுக்குப் புத்தூரைத் தெரியும். சென்னையிலிருந்து திருப்பதி போகும் ரயில் அரக்கோணத்தில் வடக்கே திரும்பி, திருத்தணி, நகரி தாண்டிப் புத்தூரை நெருங்கும்போது, கையைத் தூளியில் தொங்கவிட்டவர்களும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர்களும் இறங்கத் தயாராகிறார்கள். ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் தொங்குகிறது. அசல் புத்தூர் ஆந்திரத்தில் இருக்கிறது என்பது பலருக்கு அங்கே போகும்வரை தெரியாது. ஊரில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு படிக்கிறார்கள்.

இந்த ரயில் பாதைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கி.பி. 871 முதல் 907 வரை ஆண்ட முதலாம் ஆதித்த சோழனின் கதைக்கு முக்கியமான சான்றுகள் பல இந்தப் பாதையை ஒட்டியே கிடைத்திருக்கின்றன. அவன் பல்லவரை வென்றதைச் சொல்லும் செப்பேடு திருவாலங்காட்டில் கிடைத்தது. அவன் எந்த ஆண்டு பட்டத்துக்கு வந்தான் என்று கணக்கிட உதவிய கல்வெட்டு, அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் இருக்கிறது. அவனிடம் தோற்ற பல்லவன் அபராஜிதன் இயற்றிய பாட்டு திருத்தணியில் இருக்கிறது. புத்தூர் தாண்டி ரேணிகுண்டா போய், அங்கிருந்து கூடூர் பாதையில் சென்றால் காளத்தி. அதற்கு அருகே தொண்டைமானாடு என்ற கிராமத்தில் ஆதித்தனின் பள்ளிப்படை இருக்கிறது.

ஆதித்தன் என்றதும் பலருக்கு நினைவு வருவது கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் கொலையுண்டு சாகும் ஆதித்த கரிகாலன்தான். அவன் இரண்டாம் ஆதித்தன். இவன் அவனுக்கு நான்கு தலைமுறை முந்தியவன். ராஜராஜ சோழனின் கொள்ளுத் தாத்தாவுக்குத் தந்தை. தஞ்சைப் பெரிய கோயிலை அண்ணாந்து பார்க்கிறவர்களில் எத்தனை பேர் இவனை நினைப்பார்கள்? ஆனால் இவன் இல்லாவிட்டால் சோழர்கள் காவிரிக் கரையில் இன்னொரு சிற்றரசர் குலமாகவே இருந்து மறைந்திருக்கலாம்.

ஆதித்தனின் தந்தை விஜயாலயன் 850ஆம் ஆண்டு வாக்கில் தஞ்சாவூரைப் பிடித்தான். அங்கே நிசும்பசூதனி தேவிக்குக் கோயில் எடுத்தான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. அன்றைய தமிழகத்தில் பெரிய அரசுகள் இரண்டு. வடக்கே காஞ்சியில் பல்லவர், தெற்கே மதுரையில் பாண்டியர். இரண்டுக்கும் நடுவே காவிரிச் சமவெளி. யார் கை ஓங்கினாலும் அடிபடுவது நடுவில் இருந்தவர்கள்தான். பல்லவருக்கு அடங்கிய ஒரு குறுநில மன்னனாகத்தான் ஆதித்தன் பட்டத்துக்கு வந்தான்.

880ஆம் ஆண்டு வாக்கில் கும்பகோணத்துக்கு அருகே திருப்புறம்பயத்தில் பல்லவரும் பாண்டியரும் மோதினார்கள். பாண்டியன் இரண்டாம் வரகுணன் ஒரு பக்கம். பல்லவன் அபராஜிதன் மறுபக்கம். அபராஜிதனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதி, தன் உயிரைக் கொடுத்து வெற்றி தேடித் தந்தான் என்று அவன் பேரன் காலத்து உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது. கல்கி வாசகர்களுக்கு நன்கு தெரிந்த அந்தத் திருப்புறம்பயம் பள்ளிப்படை இந்த மன்னனுக்கு உரியது. ஆதித்தனும் பல்லவர் பக்கமே நின்றிருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு. தோற்ற பாண்டியன் ஒதுங்கினான். வென்ற பல்லவனும் களைத்துப் போனான். போர் நடந்தது சோழனின் வாசலில். லாபமும் கடைசியில் சோழனுக்கே போனது.

சில ஆண்டுகள் கழிந்தன. ஆதித்தன் தன் மேலரசனான அபராஜிதன் மீதே படையெடுத்தான். யானை மேல் இருந்த பல்லவன் மீது பாய்ந்து அவனைக் கொன்றான் என்று வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு வர்ணிக்கிறது. ‘கோதண்டராமன்’ என்ற பெயரும் அவனுக்கு உண்டு என்கிறது அதே கல்வெட்டு. அத்துடன் சுமார் 300 ஆண்டுகள் காஞ்சியில் கொடி கட்டிப் பறந்த பல்லவர் ஆட்சி முடிவுக்கு வந்தது. பாலாறும் பொன்முகலியும் பாயும் தொண்டை மண்டலம் முழுவதும் சோழர் கைக்கு மாறியது. புத்தூர், திருத்தணி, காளத்தி எல்லாம் அந்த மண்டலத்தில் அடக்கம்.

இதை வீரம் என்பதா, துரோகம் என்பதா? வென்றவனின் வம்சம் எழுதி வைத்த கல்வெட்டுகளில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. தோற்றவனின் குரலைக் கேட்கத் திருத்தணிக்குத்தான் போக வேண்டும். அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலை நம்பி அப்பி என்பவர் அபராஜிதன் காலத்தில் கல்லால் கட்டினார். மன்னனின் 18ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு அங்கே உண்டு. நம்பி அப்பியைப் பாராட்டும் தமிழ் வெண்பா ஒன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பாடியவர் அரசரே என்றும் கல்லில் குறித்திருக்கிறார்கள். ஒரு பேரரசின் கடைசி மன்னன், அதுவும் வடமொழிக்குப் பேர்போன குலத்தில் வந்தவன், ஒரு குடிமகனைப் புகழ்ந்து தமிழில் வெண்பா இயற்றியிருக்கிறான். அவனைப் பற்றிச் சோழர் செப்பேடுகள் சொல்வதெல்லாம் அவன் செத்த கதை மட்டுமே.

ஆனால் ஆதித்தனை வெறும் சந்தர்ப்பவாதி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. திருக்கழுக்குன்றத்தில் அவனுடைய 27ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் கோயிலுக்கு ஸ்கந்தசிஷ்யன் என்ற பல்லவ மன்னன் நிலம் கொடுத்தான்; வாதாபி கொண்ட நரசிம்மவர்மனும் அதை அப்படியே காத்தான்; அதே தர்மத்தை இப்போது தானும் காப்பதாகச் சொல்கிறான் சோழன். பல்லவ வம்சத்தை வேரறுத்தவன், அந்த வம்சம் செய்த தானத்தில் கை வைக்கவில்லை. ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் கல்வெட்டையே பெயர்த்தெடுக்கும் நாட்டில், 1,100 ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் கல் படிக்க வேண்டிய ஒன்று.

உறவுகளைப் பேணவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. திருவையாற்றுக்குப் பக்கத்தில் உள்ள தில்லைஸ்தானத்துக் கல்வெட்டில் விக்கி அண்ணன் என்ற தலைவன் வருகிறான். அவனுக்குச் சோழனும் சேர மன்னன் தாணு ரவியும் சேர்ந்தே மரியாதைகள் செய்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டில் சோழனுக்கு உள்ள அடைமொழி, தொண்டை நாட்டில் பரவியவன் என்ற பொருள் தருவது. தாணு ரவி யாரென்றால், கொல்லத்தில் ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு 849ஆம் ஆண்டு தானம் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் குறிக்கப்படும் அதே சேர மன்னன். மேற்கே நட்பு, வடக்கே போர் என்று ஆதித்தன் தெளிவாகவே காய் நகர்த்தியிருக்கிறான்.

சஹ்ய மலையிலிருந்து கடல் வரை காவிரியின் இரு கரையிலும் சிவனுக்குக் கற்கோயில்களை வரிசையாக எழுப்பினான் என்கிறது சுந்தர சோழன் காலத்து அன்பில் செப்பேடு. மலையிலிருந்து கடல் வரை என்பது புகழ்ச்சியாக இருக்கலாம். ஆனால் செங்கல்லும் மரமுமாக இருந்த கோயில்கள் கல்லுக்கு மாறிய காலம் இதுதான் என்பதில் சந்தேகமில்லை. கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில் இவன் காலத்தது என்றே கலை வரலாற்று அறிஞர்கள் பலரும் கருதுகிறார்கள். அதன் சுவர் மாடங்களில் நிற்கும் ஆண், பெண் உருவங்களைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

இத்தனையும் எப்படித் தெரிய வந்தது என்பது தனிக் கதை. சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். ஆதித்தன் ராஜகேசரி. அவனுக்குப் பின் கண்டராதித்தனும் ராஜகேசரி, சுந்தர சோழனும் ராஜகேசரி, ராஜராஜனும் ராஜகேசரி. அரசனின் சாதனைகளை அடுக்கும் மெய்க்கீர்த்தி, ராஜராஜன் காலத்தில்தான் வழக்கமானது. அதற்கு முந்தைய கல்வெட்டுகளில் பலவும் ‘கோ ராஜகேசரிக்கு யாண்டு’ இத்தனை என்று தொடங்கி நேராக விஷயத்துக்குப் போய்விடும். விஷயம் பெரும்பாலும் எளியது. யாரோ ஒருவர் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 ஆடோ 96 ஆடோ கொடுத்திருப்பார். மந்தை குறையாமல் பெருகும் என்பதால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். எந்த ராஜகேசரி என்று கல் சொல்லாது. எழுத்தின் வடிவம், ஆட்சியாண்டு, வரும் ஆட்களின் பெயர் ஆகியவற்றை வைத்து ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும்.

தக்கோலத்துக் கல்வெட்டு இங்கேதான் உதவியது. ராஜகேசரியின் 24ஆம் ஆண்டு என்று சொல்லும் அது, ஒரு சூரிய கிரகணத்தையும் குறிப்பிடுகிறது. கிரகணத்தை வைத்து ஆண்டைக் கணித்தார்கள். ஆதித்தன் பட்டத்துக்கு வந்தது 871 வாக்கில் என்று ஆனது. மகன் பராந்தகன் 907இல் ஆட்சிக்கு வந்ததும் கல்வெட்டுகளில் உள்ள நாள், நட்சத்திரக் குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்டதுதான். திருவாலங்காட்டுச் செப்பேடு கிடைத்தது 1905இல். 31 ஏடுகள் கொண்ட அது, பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த ராஜேந்திரனின் தான சாசனம். ஊரைக் கொடுக்கும் முன் தன் முன்னோர் கதையையும் எழுதி வைத்தான் அவன். ஆதித்தன் இறந்து 100 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட கதை. இப்படி ஆளுக்கொரு துண்டாகச் சேர்த்து, முறிந்த எலும்பைக் கூட்டுவது போலக் கூட்டியவர்கள் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியும் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரும் அவர்கள் தலைமுறை அறிஞர்களும்தான்.

முதல் மன்னர்களின் வாழ்க்கை இப்படிப் பின்னால் வந்தவர்களின் வாய்மொழியில் சிக்கிக்கொள்வது சோழருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜப்பானை எடுத்துக்கொள்ளலாம். அதன் பழைய சக்கரவர்த்திகளின் வரலாறு 712இல் முடிந்த ‘கோஜிகி’, 720இல் முடிந்த ‘நிஹோன் ஷோகி’ ஆகிய இரு நூல்களில் இருக்கிறது. அதில் 16ஆவது சக்கரவர்த்தி நின்டோக்கு. மலை மேலிருந்து பார்த்தபோது குடிசைகளில் அடுப்புப் புகை காணவில்லை என்று வரியை நிறுத்தினாராம். தன் அரண்மனைக் கூரை ஒழுகியும் பொறுத்துக்கொண்டாராம். 313 முதல் 399 வரை ஆண்டார் என்பது மரபு. 80 ஆண்டுக்கு மேல் ஒருவர் ஆண்டார் என்பதை எந்த வரலாற்றாசிரியரும் நம்புவதில்லை. ஒசாகாவுக்கு அருகே சகாய் நகரில் அவருடையது என்று சொல்லப்படும் கல்லறை மேடு 486 மீட்டர் நீளம். அதைச் சுற்றி அகழிகள். அரண்மனை நிர்வாகம் அதைப் புனித இடமாகக் காக்கிறது. உள்ளே தோண்டிப் பார்க்க ஆய்வாளர்களுக்கு அனுமதியில்லை. 2019இல் யுனெஸ்கோ அந்தக் கல்லறைத் தொகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அதே ஜப்பானில் 1968இல் சைத்தாமா பகுதியின் இனாரியாமா மேட்டில் துருப்பிடித்த வாள் ஒன்று கிடைத்தது. 10 ஆண்டு கழித்து, 1978இல், எக்ஸ்ரே எடுத்தபோது துருவுக்கு அடியில் தங்கத்தில் பதித்த 115 எழுத்துகள் தெரிந்தன. அதில் வகாதகேரு என்ற அரசனின் பெயர் இருந்தது. யூர்யாக்கு என்று ஏடுகள் சொல்லும் சக்கரவர்த்தி அவர்தான் என்று அறிஞர்கள் கண்டார்கள். வாளில் உள்ள ஆண்டு 471 என்பது பெரும்பாலோர் கருத்து. அந்த வாள் இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். சரியாகப் படிக்கப்பட்ட ஒரு சின்னத் துண்டு, நூற்றுக்கணக்கான பக்கப் புகழ்ச்சியை விடக் கனமானது என்பதை அந்த நாடு உணர்ந்திருக்கிறது.

ஆதித்தன் விஷயத்தில் நமக்கு வாள் தேவையில்லை. எழுத்தோடு கல்லே இருக்கிறது. தஞ்சையிலிருந்து 300 கி.மீ.க்கும் அப்பால், தான் வென்ற நாட்டின் வட எல்லையில் அவன் இறந்தான். ‘தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார்’ என்று பின்வந்தவர்கள் அவனைக் குறிப்பிட்டார்கள். துஞ்சுதல் என்றால் உறங்குதல். இறந்த இடத்தையே மன்னனுக்குப் பெயராக வைப்பது அன்றைய வழக்கம். மகன் பராந்தகன் அங்கே ஒரு சிவன் கோயில் எடுத்தான். கோதண்டராமேசுவரம், ஆதித்தேசுவரம் என இரண்டும் அப்பனின் பெயர்கள். விழா நாட்களில் வருவோருக்குச் சோறு போட அவன் செய்த ஏற்பாடு கல்லில் வெட்டப்பட்டது. அந்தத் தொண்டைமானாற்றூர்தான் இன்றைய தொண்டைமானாடு.

அதே மண்டலம் பிறகும் சோழரைக் காவு கேட்டது. பராந்தகனின் மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயரைச் சேர்த்து ராஜாதித்தன் என்று பெயர். ராஷ்டிரகூடர் படையெடுப்பைத் தடுக்கத் தொண்டை நாட்டில் நின்ற அவன், 949இல் தக்கோலத்தில் யானை மேலிருந்தபடியே கொல்லப்பட்டான். தாத்தா யானை மேலிருந்தவனைக் கொன்று பெற்ற நாட்டில், பேரன் யானை மேலேயே உயிரை விட்டான். ராஜராஜனின் தாத்தா அரிஞ்சயன் ‘ஆற்றூர் துஞ்சின தேவர்’ ஆனான். அவனுக்கு ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை இன்றைய வேலூர் மாவட்டத்து மேல்பாடியில் நிற்கிறது. தொண்டை மண்டலத்துக்குச் சோழர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் போனது. வடக்கெல்லைப் போராட்டமும் பட்டாஸ்கர் பரிந்துரையும் வந்தபின், 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. புத்தூரும் காளத்தியும் ஆந்திரத்தில் தங்கின. இதனால் தோற்ற அபராஜிதனின் வெண்பா தமிழ்நாட்டில். வென்ற ஆதித்தனின் பள்ளிப்படை ஆந்திரத்தில். தமிழ்நாட்டுப் பாடநூல் எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆந்திரத்தில் அவன் அயல் வம்சத்து அரசன். காளத்தியில் ராகு-கேது பரிகாரத்துக்கு வரும் கூட்டத்தில் தொண்டைமானாடு வரை போகிறவர்கள் மிகச் சிலர்.

மொழி எல்லைதான் தடை என்று சொல்லிவிடுவது சுலபம். திருமலையில், திருச்சானூரில், குடிமல்லத்தில் உள்ள பழைய கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ்தான். அவற்றைப் படித்துத் திருமலைத் தேவஸ்தானமே 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது.  மறுபுறம், சென்னையில் தமிழ் இலக்கியம் படித்த பட்டதாரி ஒருவரைத் தொண்டைமானாட்டுக் கல் முன்னால் நிறுத்தினாலும் பெரும்பாலும் ஒரு வரி படிக்க மாட்டார். புள்ளி இல்லாத மெய், நடுவே கிரந்த எழுத்து, பழைய எண் குறிகள் எல்லாம் சேர்ந்து அவரை விழிக்க வைக்கும். புத்தூர்ப் பையனுக்கும் அவருக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இருவருக்கும் அந்தப் பேச்சு காதுக்குப் பழக்கம். எழுத்து மட்டும் எட்டாதது.

கல் காத்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. கிருஷ்ணதேவராயர் 1516இல் கட்டிய காளத்தி ராஜகோபுரம், 500 ஆண்டு நிறைவதற்குள் 2010 மே 26ஆம் தேதி இடிந்து விழுந்தது. கோபுரத்தைத் திரும்பக் கட்டி 2017இல் குடமுழுக்குச் செய்துவிட்டார்கள். உடைந்த கல்வெட்டை அப்படித் திரும்பக் கட்ட முடியாது. வெள்ளையடிப்பு, மணல் வீச்சுச் சுத்தம், டைல்ஸ் பதிப்பு என்று திருப்பணியின் பெயரால் அழிந்தவை இரு மாநிலங்களிலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மத்தியத் தொல்லியல் துறை எடுத்து வைத்த மைப்படிகள்தான் பல கல்வெட்டுகளுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி. மைசூரில் இருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. காகிதம் எந்த ஊரில் இருந்தால் என்ன, அதைப் படிக்க ஆள் வேண்டும். அதற்கு எந்த நீதிமன்றமும் உத்தரவு போட முடியாது.

செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. திருவாலங்காட்டிலிருந்து காளத்தி வரை உள்ள கல்வெட்டுகளை இரு மாநிலத் தொல்லியல் துறைகளும் சேர்ந்து, தமிழிலும் தெலுங்கிலும் எளிய உரையுடன் ஒரே புத்தகமாக வெளியிடலாம். புத்தூர், திருத்தணி போன்ற ஊர்களில் விருப்பமுள்ள மாணவர்களுக்கு விடுமுறையில் கல்வெட்டு எழுத்து கற்றுத் தரலாம். பல்லவன் கொடுத்த நிலத்தைச் சோழன் காத்ததைப் படிக்கும் பிள்ளைகள், ஆதித்தன் தமிழ்நாட்டுக்காரனா ஆந்திரக்காரனா என்று சண்டை போட மாட்டார்கள். காளத்திக்கு அருகே ஒரு மகன் தன் அப்பனுக்குக் கோயில் எடுத்து, வருகிறவர்களுக்குச் சோறு போடச் சொல்லி எழுதி வைத்திருக்கிறான். அந்த எழுத்தை வாய்விட்டுப் படிக்க இரு மாநிலத்திலும் நாலு பேராவது இருக்க வேண்டும்.